ஆளுக்கொரு குண்டு

ஸ்கார்வோய் தீவு
6 ஏப்ரல் 1994

அன்புள்ள ஹால்டிஸ் அக்காவுக்கு,

உறையின் மேல் என் கையெழுத்தைப் பார்த்ததும் அடுப்பில் போட்டுவிடாதே. நாலு வருஷமாக நீ என்னோடு பேசுவதில்லை என்பது எனக்கு நன்றாகவே நினைவிருக்கிறது. அருங்காட்சியகச் சங்கத்தின் தலைவர் நாற்காலியிலிருந்து உன்னை இறக்கிவிட்டு, அதன் சூடு ஆறுவதற்குள் அதில் உட்கார்ந்தவன் நான்தான். அந்தப் பழைய கதைக்காக எழுதவில்லை. ஒரு சின்னச் சந்தேகம், அவ்வளவுதான்.

அருங்காட்சியகம் இருக்கிற நம் கோட்டை வாசலில் இரண்டு கடல் கண்ணிவெடிகள் நின்றனவே. ஒன்று கடற்படை மருந்தையெல்லாம் எடுத்துவிட்டுக் காட்சிக்கு வைக்கக் கொடுத்தது. மற்றது மீன்பிடிக்கிற கோல்ப்யோன் தன் படகுக் கொட்டகையிலிருந்து கொடுத்தது. அவன் அப்பா யுத்தம் முடிந்த காலத்தில் வலையில் பிடித்து, தானே காலி செய்தாராம். இரண்டுக்கும் ஒரே சாம்பல் பெயிண்ட் அடித்து, கப்பல் முட்டினால் வெடிக்க வைக்கிற கொம்புகளுக்குச் சிவப்பு அடித்து, இரட்டைப் பிள்ளைகள் மாதிரி நிறுத்தியிருந்தோம். நீ கோபித்துக்கொண்டு கப்பலேறியபோது ‘எனக்கொன்று, உனக்கொன்று’ என்று பாகப்பிரிவினை செய்து ஒன்றைக் கூடவே கொண்டு போனாய். என் கேள்வி இதுதான்: உன்னிடம் இருப்பது எது, என்னிடம் இருப்பது எது?

ஏன் கேட்கிறேன் என்றால், ஈஸ்டர் விடுமுறைக்கு ஒரு டச்சுக்காரரும் அவர் மனைவியும் வந்திருந்தார்கள். அவர் கண்ணிவெடி அகற்றும் கப்பலில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். என் வீட்டுக்காரி குன்வோரின் கடையில் வாஃபிள் வாங்கித் தின்றபடியே குண்டைச் சுற்றிச் சுற்றி வந்தார். குனிந்து அடியில் பார்த்தார். ஓட்டை எங்கே என்று கேட்டார். எந்த ஓட்டை என்றேன். காலி செய்த குண்டில் கடற்படை கை நுழைகிற அளவுக்கு ஓட்டை வெட்டிவிடும், உள்ளே ஒன்றுமில்லை என்று வழிப்போக்கன்கூடப் பார்த்துக்கொள்ளத்தான் என்றார்.

நான் பெருமையாகச் சொன்னேன்: “அதுவா? மழைத் தண்ணி உள்ள போயி, துரு வழிஞ்சு, வெள்ளைப் பீடம் பூரா அசிங்கமாச்சு. பொதுவேலை நாள்ல ஊரே சேர்ந்து தகடு வச்சு அடைச்சு, பட்டி பாத்து, பெயிண்ட் அடிச்சிட்டோம். இப்ப பாருங்க, முட்டை மாதிரி இருக்கு.”

அவர் பாதி தின்ற வாஃபிளைப் பீடத்தின் மேல் வைத்தார். மனைவியின் கையைப் பிடித்தார். காரை நோக்கி நடந்தார். ஓடியிருந்தால் நான் சிரித்திருப்பேன், அக்கா. அவர் நடந்தார்.

கடற்படைக்குச் சொல்லேன் என்பாய். என்னால் முடியாது. அஞ்சு வருஷத்துக்கு முன்னால் கரையில் உருண்டையாக ஏதோ கிடக்கிறதென்று நான் கடற்படையைக் கூப்பிட்டு, தீவு முழுக்கப் பள்ளிக்கூட உடற்பயிற்சி மண்டபத்தில் ஒரு நாள் அடைந்து கிடந்து, கடைசியில் அது யாரோ தூக்கிப்போட்ட துணி வேகவைக்கும் கொப்பரை என்று தெரிந்ததே. இன்றைக்கும் தபால்காரர் என்னைக் ‘கொப்பரை’ என்றுதான் கூப்பிடுகிறார். இன்னொன்றும் இருக்கிறது. மூடப்போகும் வடக்குக் கோட்டையின் பீரங்கியை ராணுவம் நமக்குத் தருவதாக இருக்கிறது. அதற்கு மேடை கட்டி சிமெண்டும் காய்ந்துவிட்டது. வாசலில் நிற்பது குண்டா, கூடா என்றே தெரியாதவர்களுக்கு யார் பீரங்கி கொடுப்பார்கள்?

ஒரு வரி எழுது.

உன் தம்பி,
ஓட்வார்


ப்ரெய்விக் முதியோர் இல்லம்
13 ஏப்ரல்

ஓட்வாருக்கு,

அடுப்பில்தான் போடப் போனேன். அதில் நான் சமைத்துப் போடும் அறுபது பேருக்கு மீன் வெந்துகொண்டிருந்தது. அதனால் பிழைத்தாய்.

என்னிடம் இருப்பது கடற்படை கொடுத்தது. உன்னிடம் இருப்பது கோல்ப்யோன் கொடுத்தது. எப்படித் தெரியும் என்றால், பிரிக்கும்போது உன்னைத்தான் முதலில் எடுத்துக்கொள்ளச் சொன்னேன். நீ எப்போதும்போல வழவழவென்று இருந்ததை எடுத்துக்கொண்டாய். மேடும் பள்ளமுமாக இருந்ததை என் தலையில் கட்டினாய். ஒட்டுப் போட்டதுதானே மேடும் பள்ளமுமாக இருக்கும்? இதற்கு ஒரு டச்சுக்காரர் வர வேண்டுமா?

அன்றைக்கு ஓட்டையை அடைக்கலாமா என்று கடற்படையை ஒரு வார்த்தை கேட்போம் என்று சொன்னவள் நான். ‘துரு வழியுது, பார்க்க சகிக்கல’ என்று கையைத் தூக்கியது ஊர். முதலில் தூக்கியது நீ.

இங்கே என் குண்டு வாசல் படிக்கட்டுப் பக்கத்தில் நிற்கிறது. கிறிஸ்துமஸுக்கு அதன் கொம்புகளில் விளக்குச் சரம் போடுவோம். ஆஸ்மண்ட் என்று ஒரு பழைய மாலுமி இருக்கிறார், எண்பத்தெட்டு வயது. தினமும் சாப்பாடு முடிந்ததும் வெளியே வந்து, புகைக் குழாயைக் கொம்பில் தட்டிச் சாம்பலை உதிர்ப்பார். டொக், டொக் என்று. நாலு வருஷமாகக் கேட்கிற சத்தம். உன் கடிதம் வந்த நாளிலிருந்து அதை ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டிருக்கிறேன். எல்லாம் உன்னால்தான்.

குண்டு உன்னுடையது. பயமும் உன்னுடையதாகவே இருக்கட்டும். இனி எழுதாதே.

ஹால்டிஸ்


ஸ்கார்வோய்
18 ஏப்ரல்

அக்கா,

எழுதாதே என்றாய். எழுதுகிறேன். முதலில் உன் மேடு பள்ளத்தைப் பற்றி: கோல்ப்யோன் குடும்பம் முப்பது வருஷம் அந்தக் குண்டில் படகைக் கட்டி வைத்திருந்தது. படகு மோதி மோதி அதிலும் மேடு பள்ளம்தான். ஆக, உன் சாட்சி எடுபடாது.

உன் கடிதம் கிடைத்த அன்றே குன்வோரின் கடையைப் பீடத்திலிருந்து தள்ளிப் போடச் சொன்னேன், காற்று பலமாக அடிக்கிறது என்று. அவள் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, “காத்து நாங்க கல்யாணம் பண்ணின நாள்லேர்ந்து அந்தப் பக்கம்தான் அடிக்குது. உனக்கு இன்னிக்குத்தான் உறைச்சுதா?” என்றாள். ஆனாலும் தள்ளிப் போட்டாள். என் முகத்தைப் பார்த்திருப்பாள்.

குண்டைச் சுற்றிக் கயிறு கட்டி, ‘பெயிண்ட் ஈரம்’ என்று அட்டை மாட்டினேன். பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்து விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, “தாத்தா, காஞ்சிடுச்சு” என்று சொல்லிவிட்டுப் போனார்கள். தொடாமல் இருந்த பிள்ளைகளையும் நான்தான் தொட வைத்தேன்.

அடுத்தது வாத்தியக் குழுத் தலைவர் வந்தார். மே பதினேழு தேசிய தின ஊர்வலம் முடிந்ததும் பள்ளிக்கூடம் முழுக்க அந்தக் குண்டைச் சுற்றி நின்று படம் எடுத்துக்கொள்வதும், இருப்பதிலேயே சின்னப் பிள்ளையைக் கொடியோடு அதன் உச்சியில் உட்கார வைப்பதும் உனக்குத் தெரியும்; அந்த வழக்கத்தை ஆரம்பித்ததே நீதான். இந்த வருஷம் உச்சியில் உட்காரப் போவது சுன்னிவா. என் பேத்தி. உனக்கும்தான்.

அன்றைக்கு எனக்குச் சோறு தண்ணீர் இறங்கவில்லை. பேனாக்கத்தியை எடுத்துக்கொண்டு போனேன், பெயிண்டைச் சுரண்டி ஒட்டுத் தகடு இருக்கிறதா என்று பார்க்கலாமென்று. நாம் வருஷா வருஷம் பெயிண்ட் அடித்தது, அக்கா, மரத்து வளையம் மாதிரி ஒன்றின் மேல் ஒன்று. கத்தியை வைத்து ஒரு இழு இழுத்தேன். உள்ளேயிருந்து ஏதோ முனகியது. என் வயிறுதான். கத்தியைப் பையில் போட்டுக்கொண்டு, யாராவது பார்த்தார்களா என்று சீட்டி அடித்துக்கொண்டே வந்துவிட்டேன்.

அப்புறம்தான் படகில் இருக்கிற கேஸ் சிலிண்டர் நினைவுக்கு வந்தது. குளிர் காலையில் அதன் மேல் உறைபனி படியும்போது, உள்ளே கேஸ் எதுவரை இருக்கிறதோ அதுவரை ஒரு கோடு விழும். குண்டும் இரும்புதானே? நேற்றுக் காலை நல்ல உறைபனி. போய்ப் பார்த்தேன். அடி முதல் முடி வரை ஒரே வெள்ளை. கோடே இல்லை. உள்ளே ஒன்றுமில்லை, அக்கா, வெறும் கூடு. எனக்குக் கண் கலங்கிவிட்டது. கட்டிப் பிடித்துக்கொண்டேன். கன்னம் ஒட்டிக்கொண்டது, பிய்த்து எடுக்க வேண்டியிருந்தது.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் பாதியில் நின்றுவிட்டேன். என்னுடையது கடற்படைக் குண்டு என்றால், உன்னுடையது?

ஃபோன் செய்தேன். “அக்கா” என்று ஆரம்பித்ததும் வைத்துவிட்டாய். மறுபடி செய்தேன். மறுபடி வைத்தாய். அதனால் எழுதுகிறேன். உறைபனி படிகிற காலையில் வெளியே போய் உன் குண்டைப் பார். தூரத்திலிருந்து பார். அந்தக் கிழவரைக் குழாயைக் கொண்டு வேறெங்காவது தட்டச் சொல்.

ஓட்வார்


ப்ரெய்விக்
25 ஏப்ரல்

ஓட்வார்,

மூன்று நாள் மழை. இன்றைக்குத்தான் உறைபனி.

பார்த்தேன். கோடு இருக்கிறது.

இடுப்பு வளையத்தில் வரைந்தது மாதிரி சுற்றிலும் ஒரே மட்டமாக. மேலே வெள்ளை. கீழே கறுத்து ஈரமாக. கையில் காப்பிக் குவளை வைத்திருந்தேன். அது ஆறி, அதன் மேல் ஆடை படியும்வரை நின்றிருக்கிறேன். சமையலறைப் பெண் வந்து, அம்மா யாரையாவது எதிர்பார்க்கிறீர்களா என்று கேட்டாள்.

முன் கூடத்தில் கணப்பு கெட்டுவிட்டது என்று சொல்லி எல்லோரையும் பின்பக்கத்து அறைகளுக்கு மாற்றிவிட்டேன். படுக்கையில் கிடப்பவர்களை நானும் இரண்டு பெண்களுமாக நகர்த்தினோம். ஆஸ்மண்ட் மட்டும் கேட்கவில்லை. கணப்பில் கையை வைத்துப் பார்த்துவிட்டு, “சுடுதே. யாருக்கு மூளை கெட்டுச்சு?” என்றார். சாப்பாட்டுக்குப் பின் குழாயோடு வெளியே கிளம்பினார். நான் குறுக்கே நின்றேன். வாழ்க்கையில் என்னைத் தடுத்த முதல் பெண்பிள்ளை நீதான் என்றார். அப்படியும் ஜன்னல் வழியாக எட்டிக் கொம்பைத் தட்டப் பார்த்தார். குழாயைப் பிடுங்கி என் ஏப்ரனில் போட்டுக்கொண்டேன். இப்போது என் மேல் புகையிலை நாற்றம்.

நீ யாரிடமும் வாயைத் திறக்காதே. இந்தக் குண்டுக்கு நான்தான் உத்தரவாதம் என்று நகரசபையில் போய்ச் சொல்லி நிறுத்தினேன். இதற்காக என்னை அனுப்பிவிட்டால் இந்த வயதில் எனக்கு வேறெங்கே அடுப்பு? நான் யோசிக்கிறேன். இரண்டு மூன்று நாள் கொடு.

பயமாக இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. பாத்திரம் விழும் சத்தத்துக்குத் திடுக்கிடுகிறேன், அவ்வளவுதான்.

ஹா.


ஸ்கார்வோய்
29 ஏப்ரல்

அக்கா,

நீ யோசிப்பதற்குள் நான் ஒன்று செய்துவிட்டேன். இதைப் படிக்கும்போது நீ என்ன திட்டு திட்டுவாய் என்று எனக்கு மனப்பாடமாகவே தெரியும். அதையெல்லாம் நானே எனக்குச் சொல்லிக்கொண்டுதான் ஃபோனை எடுத்தேன்.

கடற்படையில் ஒரு இளைஞன் பேசினான். பெயர், ஊர் சொன்னேன். மறுமுனையில் காகிதம் புரட்டும் சத்தம் கேட்டது. அப்புறம் மிகவும் மரியாதையாக, “சார், போன தடவை கொப்பரை விஷயமா கூப்பிட்டது நீங்கதானே?” என்றான். ஆமாம், நானேதான், இந்தத் தடவை எங்கள் அக்கா வாசலில் என்றேன். பின்னால் யாரோ சிரிப்பதும், யாரோ அதட்டுவதும் கேட்டது. கோடு விழுந்ததைச் சொன்னேன். முதியோர் இல்லம் என்றேன். சிரிப்பு நின்றுவிட்டது. ஓரிரு நாளில் வருவார்கள்.

உன் வேலை போனால் என்னால் போனதென்று ஊரெல்லாம் சொல். நாற்காலியையும் நான் பறித்தேன், அடுப்பையும் நான் பறித்தேன் என்று சொல். சொல்வதற்கு நீ இருக்க வேண்டும், அதுதான் எனக்கு.

இங்கே கயிற்றையும் அட்டையையும் கழற்றி எறிந்துவிட்டேன். நம் குண்டு வெறும் கூடு என்று தெரிந்ததிலிருந்து எனக்கு அதன் மேல் தனிப் பாசம். பிள்ளைகள் அதன் மேலேயே கிடக்கிறார்கள். சுன்னிவா தினமும் சாயங்காலம் உச்சியில் ஏறி, கொடியைப் பிடித்துக்கொண்டு அசையாமல் உட்காரப் பழகுகிறாள். வழுக்காமல் இருக்க முன் கொம்பில் குதிகாலை முட்டுக் கொடுத்துக்கொள்கிறாள். பயமே இல்லை. உன்னை மாதிரி.

அவர்கள் வந்து போனதும் ஒரு வரி. எனக்குத் தூக்கம் இல்லை.

ஓட்வார்


ப்ரெய்விக்
3 மே

ஓட்வார்,

இதை நின்றுகொண்டே எழுதுகிறேன். கடற்படைக்காரர்கள் படகை எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் அடுத்ததாக வருவது உன்னிடம். தபாலைவிட அவர்கள் வேகம் என்பதால் இதை அவர்களிடமே கொடுத்தனுப்புகிறேன்.

காலையில் ஐந்து பேர் வந்தார்கள். எங்களையெல்லாம் தேவாலயத்துக்கு அனுப்பினார்கள், கட்டிலோடு சிலரை. அவர்களில் மூத்தவர் என்னிடம் ஒரு வார்த்தைகூடக் கடிந்து பேசவில்லை. அதுதான் எனக்கு மிகவும் பயமாக இருந்தது. மத்தியானம் வந்து கூப்பிட்டார். பெயிண்டைக் கரைத்து எடுத்திருந்தார்கள். மேலே ஒன்றும் அடியில் ஒன்றுமாக இரண்டு ஒட்டுத் தகடுகள், நம் ஊர்க்காரர்கள் வைத்தது. நான் சொன்னது மாதிரியே. மேல் தகட்டின் ஓரம் விட்டுப்போய், நாலு வருஷத்து மழை உள்ளே இறங்கியிருக்கிறது. அடித் தகட்டைப் பிடுங்கியதும் துருத் தண்ணீர் குடம் குடமாகக் கொட்டியது. பாதி வரை தண்ணீர். அதுதான் கோடு. ஆஸ்மண்ட் எட்டிப் பார்த்து, “தண்ணிதானா? குடிக்கிற மாதிரி ஏதாவது இருக்கும்னு நெனச்சேன்” என்றார். எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன், ஓட்வார். அழுகிற அளவுக்குச் சிரித்தேன்.

அந்தச் சந்தோஷத்தில், என் தம்பியின் குண்டைப் பற்றிக் கவலை இல்லை, அதில் கோடே விழவில்லை, அது காலி என்று அந்தப் பெரியவரிடம் சொன்னேன். அவர் துணியில் கையைத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைப்பதை நிறுத்தினார்.

“கோடு விழலேன்னா காலியா இருக்கலாம்மா. இல்லேன்னா கழுத்து வரைக்கும் நெறஞ்சிருக்கும்.”

நீயும் நானும் என்ன முட்டாள்கள். சிலிண்டர் புதிதாக வரும்போதும் கோடு இருக்காதே. ஓட்டை வெட்டிய குண்டு இங்கே இருக்கிறது. அப்படியென்றால் ஓட்டையே இல்லாத குண்டு உன்னிடம்தானே.

உன் வீட்டுக்கு ஃபோன் செய்தேன். நீ எடுத்தாய். “சுன்னிவாவை எறக்கு” என்று சொன்னேன். நாலு வருஷத்துக்குப் பிறகு உன்னோடு பேசிய முதல் வார்த்தை. பழக்கதோஷம், அதற்குள் வைத்துவிட்டேன். உனக்குப் புரிந்ததா, புரியவில்லையா? திரும்ப அழைத்தால் மணி அடித்துக்கொண்டே இருக்கிறது. யாரும் எடுக்கவில்லை. அடித்துக்கொண்டே இருக்கிறது.

அவர்கள் கூப்பிடுகிறார்கள். எழுது. யாரிடமாவது கொடுத்தனுப்பு. உடனே.

அக்கா


ஸ்கார்வோய், உடற்பயிற்சி மண்டபம்
4 மே

அன்புள்ள அக்காவுக்கு,

புரிந்தது.

ஏனென்று புரியவில்லை, உன் குரல் புரிந்தது. ஃபோனை வைக்கக்கூட இல்லை, அது ஒரு பக்கம் தொங்கியிருக்கும். குன்வோர் பின்னால் வந்து வைத்திருக்கிறாள். நான் அதற்குள் வாசலைத் தாண்டிவிட்டேன். சுன்னிவா உச்சியில் இருந்தாள், கையில் கொடி, குதிகால் கொம்பின் மேல். தூரத்திலேயே என்னைப் பார்த்துக் கையாட்டினாள்.

நான் ஓடவில்லை. டச்சுக்காரர் ஏன் நடந்தார் என்று எனக்கு அப்போது தெரிந்தது. நான் ஓடினால் அவள் விளையாட்டென்று குதிப்பாள், காலை உந்திக் குதிப்பாள். சிரித்த முகமாக, கடைக்குப் போகிறவன் மாதிரி நடந்தேன். அந்தத் தெரு அவ்வளவு நீளம் என்று இத்தனை வருஷம் எனக்குத் தெரியாது. கிட்டே போய், ஜாம் போட்ட வாஃபிள் இருக்கிறது, வருகிறாயா என்றேன். பூ எடுக்கிற மாதிரி எடுத்தேன்.

“தாத்தா, உங்க கை ஏன் இப்படி ஆடுது?” என்றாள்.

வயசாகிவிட்டது என்றேன். பொய்யில்லை. அந்தத் தெருவில்தான் ஆனது.

கடற்படையும் உன் கடிதமும் இன்று காலை வந்து சேர்ந்தன. தீவு முழுக்க மறுபடியும் இந்த மண்டபத்தில் அடைந்திருக்கிறது. அஞ்சு வருஷத்துக்கு முன்னால் உட்கார்ந்த அதே இடங்களில் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று நினைக்கிறேன். தபால்காரர், “என்ன கொப்பரை, இந்தத் தடவை கெட்டிலா?” என்றார். மண்டபமே சிரித்தது. நானும் சேர்ந்து சிரித்தேன். கெட்டிலாகவே இருக்கட்டும் என்று எவ்வளவு ஆசைப்பட்டேன் தெரியுமா? இன்னும் முப்பது வருஷம் என்னைக் கெட்டில் என்று கூப்பிட்டால்கூட ‘என்னப்பா’ என்று திரும்பிப் பார்க்கத் தயாராக இருந்தேன்.

கோல்ப்யோன் மூலையில் உட்கார்ந்து, அப்பா காலி செய்ததைத் தன் கண்ணால் பார்த்ததாக வருவோர் போவோரிடம் சொல்லிக்கொண்டிருக்கிறான். குன்வோர் போய், உள்ளே எட்டிப் பார்த்தாயா என்று கேட்டாள். “உள்ள பாக்கல. பாத்தேன்னு அவரு சொன்னதக் கேட்டேன்” என்றான். 

குண்டைத் தெப்பத்தில் ஏற்றி வெளித்தீவுப் பாறைகளுக்கு அப்பால் இழுத்துப் போயிருக்கிறார்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று எங்களிடம் சொல்லவில்லை. அங்கே வைத்து வெடிக்க வைப்பார்களாம். காலியாக இருந்தால், அவர்கள் வைக்கிற சின்ன வெடிக் குச்சியின் சத்தம் மட்டும், கதவு சாத்துகிற மாதிரி கேட்கும் என்றார் அந்தப் பெரியவர். இல்லையென்றால் உங்களுக்கே தெரிந்துவிடும் என்றார். சுன்னிவா என் மடியில் தூங்குகிறாள். அவள் தலை மேல் காகிதத்தை வைத்துத்தான் எழுதுகிறேன். எல்லோரும் கதவு சாத்தும் சத்தத்துக்காகக் காத்துக்கொண்டிருக்கி

அக்கா,

மறுபடி எழுதுகிறேன். கோணல் எழுத்தை மன்னித்துக்கொள்.

கதவு சாத்தும் சத்தம் இல்லை. முதலில் தரை தூக்கிப் போட்டது. சத்தம் அப்புறம்தான் வந்தது. கடல் பக்கத்து ஜன்னல்கள் அத்தனையும் உள்ளே வந்து விழுந்தன. அந்தப் பக்கம் யாரையும் உட்காரவிடாமல் கடற்படைக்காரர்கள் முன்பே விரட்டியிருந்ததால் பிழைத்தோம். வெளியே தேவாலயக் கோபுரத்தைவிட உயரமாகத் தண்ணீர் நின்றதாம். நான் பார்க்கவில்லை. நான் பிள்ளைக்கு மேல் கவிழ்ந்து கிடந்தேன்.

இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை.  ஒவ்வொரு தாயும் தன் பிள்ளையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த மண்டபத்தில் இருந்த யார் அந்தக் குண்டின் மேல் உட்கார்ந்து படம் எடுத்துக்கொள்ளவில்லை? தபால்காரர் வந்து என் தோளில் கை வைத்து, “ஓட்வார்” என்றார். அஞ்சு வருஷத்தில் முதல் தடவையாக என் பெயர். எனக்கு அது பிடிக்கவே இல்லை.

பீரங்கி வராது. அந்தப் பெரியவர் போகும்போது மேடையைப் பார்த்துவிட்டு, இதில் என்ன வைக்கப் போகிறீர்கள் என்று கேட்டார். பூந்தொட்டி என்றேன். முதலில் அதன் அடியில் ஓட்டை இருக்கட்டும் என்றார்.

உன்னை வேலையிலிருந்து அனுப்பினால் இங்கே வந்துவிடு. அனுப்பாவிட்டாலும் மே பதினேழுக்கு வா. தலைவர் நாற்காலியைத் துடைத்து வைத்திருக்கிறேன். அதில் உட்கார எனக்குத் தைரியமில்லை. பிள்ளைகளுக்கு உட்கார்ந்து படம் எடுத்துக்கொள்ளத்தான் எதுவும் இல்லை. அந்த வெறும் மேடை மேல் நிற்க வைக்கலாம். சுன்னிவாவை நடுவில் நிறுத்தி, நீ ஒரு கையைப் பிடித்துக்கொள், நான் ஒரு கையைப் பிடித்துக்கொள்கிறேன்.

உன் தம்பி,
கொப்பரை